ஜெர்மனியில் ஒரு செமஸ்டர் முடித்துத் திரும்பினேன், "எப்படி இருந்தது?" என்பதற்குத்தான் பதில் இல்லை

தூறல்மேகம்
மார்ச் 4, இரவு 10:12

திரும்பி வந்து பன்னிரண்டு நாட்கள் ஆகின்றன. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "எப்படி இருந்தது?" நான் "நன்றாக இருந்தது" என்கிறேன். அவர்கள் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். இரவில் படுத்த பிறகுதான் அந்தப் பதில் உறுத்துகிறது. பொய் சொல்லவில்லை, உண்மையையும் சொல்லவில்லை. முகம் தெரியாதவர்களிடம் சொல்வது எளிது என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதுகலைப் புள்ளியியல், இரண்டாம் ஆண்டு. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தின்படி குளிர்கால செமஸ்டருக்குப் போனேன். லைப்சிக்கிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு சிறிய நகரம், பெயர் வேண்டாம். கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு தொகை மட்டும் கட்டினேன், பயணச்சீட்டும் அதிலேயே அடக்கம்.

நடந்ததில் மோசமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். காலத்தொடர்ப் பகுப்பாய்வு என்று ஒன்பது கிரெடிட் பாடம். அதற்காகத்தான் அந்தப் பல்கலைக்கழகத்தையே தேர்ந்தெடுத்தேன். ஒரு வகுப்பைக்கூட விடவில்லை. வாராவாரம் தரும் பயிற்சித் தாள்கள் அத்தனையையும் ஒப்படைத்தேன். தேர்வுக்குக் கையால் எழுதிய ஒரே ஒரு ஏ4 தாளைக் கொண்டுபோகலாம், இரண்டு பக்கமும் எழுதலாம். அந்தத் தாளை மூன்று நாட்கள் உட்கார்ந்து எழுதினேன். எறும்பு ஊர்ந்ததுபோல் எழுத்து. பிப்ரவரி இரண்டாம் வாரம், காலை எட்டரை மணிக்கு அரங்க வாசலில் நின்றேன். உதவியாளர் பட்டியலில் விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். பிறகு பட்டியலையே என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர் இல்லை.

பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இணையத்தில் தனியாகப் பதிய வேண்டும். என் மற்றப் பாடங்களுக்குப் பதிந்திருந்தேன். இது மட்டும் கணிதத் துறையின் கீழ் வருவது. அவர்களுடைய கடைசித் தேதி மூன்று வாரம் முந்தியது. உதவியாளர் நல்ல மனிதர், உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே கதவைச் சாத்தினார்.

நவம்பரைப் பற்றி ஒரு பெரிய பத்தி எழுதி அழித்துவிட்டேன். அது சிறிய நகரம். அங்கே படிக்கும் உள்ளூர் மாணவர்களில் பாதிப் பேர் வெள்ளிக்கிழமை மதியமே பெட்டியோடு வீட்டுக்கு ரயிலேறிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு. ஒரு வாரக்கடைசியில், வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை நான் வாய்திறந்து சொன்ன ஒரே சொல் "டாங்க்கே". நன்றி என்று. அதுவும் எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற யாரோ ஒரு பெரியவரிடம்.

இனி நல்லது. பேய்சியப் புள்ளியியல் கருத்தரங்கில் என் முறை வந்தது. நாற்பத்தைந்து நிமிடம் பேசி முடித்ததும் பன்னிரண்டு பேரும் விரல் முட்டியால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார்கள். கோபமாக இருக்கிறார்கள் என்று நினைத்து உறைந்துபோனேன். வகுப்பறையில் கைதட்டலுக்குப் பதிலாக அங்கே மேசையைத்தான் தட்டுவார்களாம். பேராசிரியர் சொன்னார்: "நீங்கள் எடுத்துக்கொண்ட முன்பரவல் பொருந்தாது என்பது என் எண்ணம். நீங்கள் ஏன் பொருந்தும் என்கிறீர்கள்?" (முன்பரவல் என்பது தரவைப் பார்க்கும் முன் நாம் வைத்துக்கொள்ளும் அனுமானம்.) இருபது நிமிடம் வாதாடினேன். கடைசியில், "இருவரும் யோசித்துவிட்டு அடுத்த வாரம் வருவோம்" என்றார். வழக்கமாகச் சொல்கிற சொல் என்று நினைத்தேன். அடுத்த வாரம் அவர் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பாதி விஷயத்தில் நான் சொன்னது சரி என்று அதில் இருந்தது. ஒரு பேராசிரியர் என்னோடு உடன்படாமல் போய், வீட்டில் உட்கார்ந்து என் பேச்சை யோசித்தது என் படிப்பு வாழ்க்கையில் முதல்முறை.

இந்த இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? போய்வந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூன்றாம்வரிசை
மார்ச் 4, இரவு 11:30

அக்கா, இதைப் படித்ததிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது. இம்மாதம் 27-ம் தேதி கிளம்புகிறேன், கோடை செமஸ்டருக்கு. அதே நாடு, வேறு நகரம். வரவேற்புக் கடிதத்தில் தேர்வுப் பதிவு பற்றி ஒரு வார்த்தை இல்லையே? எங்கே பார்ப்பது?

நேர்க்கோடு
மார்ச் 5, காலை 7:05

கசப்பாக இருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். முதுகலை படிக்கிறவர் கடைசித் தேதியைப் பார்க்கத் தவறினால் அது பல்கலைக்கழகத்தின் குற்றம் ஆகாது. எல்லாத் துறையும் தன் இணையப் பக்கத்தில் தேதியைப் போடுகிறது. நாம் சின்ன வயதிலிருந்து பழகியது வேறு: மணி அடிப்பார்கள், வகுப்பாசிரியர் நினைவூட்டுவார், கட்டணம் கட்டாவிட்டால் அலுவலகத்திலிருந்து ஆள் வரும். அந்தப் பழக்கத்தோடு அங்கே போனால் இப்படித்தான் ஆகும்.

தனிமை என்பதெல்லாம் எல்லோருக்கும் வருவது. கலாச்சார அதிர்ச்சி, யு வளைவு என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது: முதலில் உற்சாகம், பிறகு சரிவு, பிறகு ஏற்றம். உங்களுக்கு நடந்தது அதுதான். இதை ஒரு பெரிய மர்மமாக்க வேண்டியதில்லை.

பழையகுடை
மார்ச் 5, மதியம் 1:48

பன்னிரண்டு வருடமாக இந்த நாட்டில் இருக்கிறேன். அதில் நான்கு வருடம் மாணவன். நேர்க்கோடு சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்குக் காரணம் தெரிந்துகொண்டால் நல்லது.

தேர்வுக்குத் தனியாக ஏன் பதிய வேண்டும்? இங்கே பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஒரு தேர்வுக்கு மூன்று முயற்சிகள்தாம். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் அந்தப் படிப்பிலிருந்தே வெளியேற்றிவிடுவார்கள். அதே படிப்பை வேறு ஊரில் தொடரவும் வழி அடைபடும். பதிவு செய்துவிட்டுக் காரணமில்லாமல் வராமலிருந்தால் அதுவும் ஒரு தோல்வியாகவே எழுதப்படும். எனவே, "இந்த முறை என் ஒரு முயற்சியைச் செலவழிக்கிறேன்" என்று மாணவரே கையெழுத்துப் போடுவதுபோல்தான் பதிவு. பல்கலைக்கழகம் தானாகப் பதிந்துவிட்டால், தயாராக இல்லாத ஒருவனின் முயற்சியை அது களவாடியதாகிவிடும். உள்ளூர் மாணவனுக்கு இது பாதுகாப்பு. ஒரே ஒரு செமஸ்டர் வந்து போகிறவருக்கு இதுவே பள்ளம்.

வகுப்புக்கு வந்தாயா என்று கேட்பதில்லை என்பதும் இதோடு சேர்ந்ததுதான். விரிவுரைக்கு வருகைப் பதிவு பொதுவாகக் கிடையாது. செமஸ்டர் முழுக்க வராமல் தேர்வில் மட்டும் வந்து 1.0, அதாவது உச்ச மதிப்பெண், வாங்கியவனையும் பார்த்திருக்கிறேன். முழுக்க வந்து தேர்வுக்குப் பதியாதவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று சொல்ல ஆசை. ஆனால் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று பேரைப் பார்க்கிறேன், எல்லோரும் வெளிநாட்டவர்கள்.

மூன்றாம்வரிசை: உங்கள் பாடம் எந்தத் துறையின் கீழ் வருகிறதோ அந்தத் துறையின் தேர்வு அலுவலகப் பக்கம். விரிவுரைகள் ஏப்ரல் நடுவில்தான் தொடங்கும். அந்த முதல் வாரத்திலேயே அலுவலகத்துக்கு நேரில் போய், ஒவ்வொரு பாடத்துக்கும் தேதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "எல்லாவற்றுக்கும் ஒரே தேதிதானே" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, தூறல்மேகம். பேராசிரியரைப் போய்ப் பார்த்தீர்களா? விதிவிலக்காக வாய்மொழித் தேர்வு வைத்துக் கொடுத்ததை நான் கண்டிருக்கிறேன்.

தூறல்மேகம்
மார்ச் 5, இரவு 9:20

பார்த்தேன். அவர் சம்மதித்தார். தேர்வு அலுவலகம் சம்மதிக்கவில்லை. "பதிவு இல்லாத மாணவருக்கு மதிப்பெண் வந்தால் அதை உள்ளிட எங்களுக்குக் கட்டமே இல்லை" என்றார் அங்கிருந்த அம்மையார். கணினித் திரையைத் திருப்பி அந்த இல்லாத கட்டத்தைக் காட்டவும் செய்தார். அந்த நாட்டில் எனக்கு "முடியாது" என்று சொன்ன எல்லோரும் ஆதாரத்தையும் சேர்த்தே காட்டினார்கள்.

நேர்க்கோடு, நீங்கள் சொல்வது சரி. தேதி இணையப் பக்கத்தில் இருந்தது. ஜெர்மன் மொழிப் பக்கத்தில் இருந்தது. ஆங்கிலப் பக்கத்தில் போன வருடத் தேதியே நின்றது. என் ஜெர்மன் அளவுக்கு அந்தப் பக்கம் எட்டாது என்று நான் எட்டிப் பார்க்கவே இல்லை. ஆக, என் தவறுதான். தவறு என்னுடையது என்று தெரிந்துகொண்டால் வலி குறையும் என்று யாராவது எண்ணினால், குறைவதில்லை.

ஜெர்மனியில் ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு. ஒன்பது கிரெடிட்டுக்கு 270 மணி. என் மதிப்பெண் பட்டியலில் அந்த 270 மணிக்கு ஒரு வரிகூட வராது. அந்த ஏ4 தாள் மட்டும் இருக்கிறது.

கடலைக்கொடி
மார்ச் 6, மாலை 5:33

உங்களிடமாவது "எப்படி இருந்தது" என்று கேட்கிறார்கள். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.

நான் போனது 2020 கோடை செமஸ்டருக்கு. மார்ச் முதல் வாரத்தில் இறங்கினேன். மார்ச் 22 அன்று நாடு முழுக்கக் கட்டுப்பாடு: வீட்டாரைத் தவிர்த்துப் பொது இடத்தில் இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது. ஏப்ரலில் வகுப்புகள் தொடங்கின, என் விடுதி அறைக்குள், மடிக்கணினியில். பன்னிரண்டு சதுர மீட்டர். வகுப்பறை, நூலகம், சாப்பாட்டுக்கூடம், படுக்கை எல்லாம் அதுவே. என் பேராசிரியர்களில் ஒருவரையும் நான் இடுப்புக்குக் கீழே பார்த்ததில்லை.

ஆனால் பால்கனி இருந்தது. பக்கத்து அறைப் பால்கனியில் ஒரு போலந்துக்காரன். மூன்றாம் மாடியில் இரண்டு பால்கனிகளுக்கு இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி, விதிக்குச் சரியாகப் பொருந்தியது. தினமும் இரவு ஏழு மணிக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவோம். அவனுக்கு ஆங்கிலம் சுமார். எனக்கு ஜெர்மன் சுமார். இருவருக்கும் பொதுவாக வந்தது சதுரங்கம். பலகையை அவன் பக்கம் வைத்து, என் காய்களையும் அவனே நகர்த்துவான். ஏமாற்றுகிறானோ என்று இன்றுவரை சந்தேகம்.

வெளிநாட்டு வாழ்க்கை என்று சொல்ல என்னிடம் இருப்பது அந்தப் பால்கனிதான். திரும்பியதும் எல்லோரும் "பாவம், வீணாகப் போயிற்று" என்றார்கள். வீணா? தெரியவில்லை. வேறு எந்த வருடத்தில் போயிருந்தாலும் அவனுக்கு நான் தலையசைத்துவிட்டுக் கடந்திருப்பேன்.

நூலகப்பூனை
மார்ச் 6, இரவு 8:02

ஒரு திருத்தம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னியுங்கள். என் துறை உளவியல்.

நேர்க்கோடு சொன்ன யு வளைவு 1955-ல் ஸ்வெரே லிஸ்கோர்ட் என்ற நார்வே சமூகவியலாளர் எழுதிய கட்டுரையிலிருந்து வருகிறது. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்வந்த சுமார் 200 நார்வேக்காரர்களிடம் பேசி எழுதினார். அவர் கண்டது என்ன தெரியுமா? ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்கள் நன்றாகவே ஒன்றிப்போயிருந்தார்கள். 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்கள்தாம் திணறினார்கள். 18 மாதத்துக்கு மேல் இருந்தவர்கள் மீண்டும் நன்றாக இருந்தார்கள். அந்தக் கணக்கின்படி ஐந்து மாதம் இருந்த தூறல்மேகம் நவம்பரில் வாடியிருக்கவே கூடாது! அவருக்கு நடந்தது "அதுதான்" என்று சொல்ல அந்தக் கட்டுரை இடம் தரவில்லை.

"கலாச்சார அதிர்ச்சி" என்ற சொல்லைப் பரப்பியது வேறொருவர், கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர். திரும்பி வந்த பிறகு இன்னொரு சரிவு உண்டு என்று சேர்த்து அதை இரட்டை யு ஆக்கியவர்கள் கல்லஹார்ன் தம்பதியர், 1963-ல். "எப்படி இருந்தது" என்ற கேள்வி உறுத்துவது இந்த இரண்டாவது பள்ளத்தில் நிற்கும்போதுதான் என்று சொல்லலாம். சொல்லலாம், அவ்வளவுதான். பின்னால் வந்த ஆய்வுகள் பலவற்றில் இந்த வளைவு இப்படி அழகாக வரவில்லை.

தூறல்மேகம்
மார்ச் 6, இரவு 11:15

நூலகப்பூனை, ஒரு சந்தேகம். லிஸ்கோர்ட் ஒரே ஆட்களைத் தொடர்ந்து கவனித்தாரா, அல்லது வெவ்வேறு காலம் தங்கியவர்களை ஒருமுறை கேட்டாரா?

நூலகப்பூனை
மார்ச் 7, காலை 6:40

வெவ்வேறு காலம் தங்கியவர்களை, நாடு திரும்பிய பிறகு, ஒருமுறை.

தூறல்மேகம்
மார்ச் 7, காலை 8:11

அப்படியானால் பலருடைய ஒற்றைப் புள்ளிகளைக் கோத்து ஒருவருடைய காலக்கோடு என்று வரைந்திருக்கிறார்கள். குறைவாகத் தங்கப் போனவரும் அதிகம் தங்கப் போனவரும் முதலிலிருந்தே வேறு வேறு ஆட்களாக இருக்கலாமே. தேர்வு எழுதாவிட்டாலும் இந்த அளவுக்குப் பாடம் நினைவிருக்கிறது.

நேர்க்கோடு
மார்ச் 7, காலை 9:00

சரி, வளைவை வாபஸ் வாங்குகிறேன். கடைசித் தேதியை வாங்க மாட்டேன்.

ஆனால் வேறொன்று கேட்கிறேன், குத்திக்காட்டுவதற்காக இல்லை. அங்கே உங்களுக்கு ஜெர்மானிய நண்பர் எத்தனை பேர்? போய்வந்தவர்கள் காட்டும் படங்களில் எல்லாம் இத்தாலி, துருக்கி, பிரேசில் மாணவர்கள்தாம் இருக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள் தங்களுக்குள் ஒரு கூண்டு கட்டிக்கொண்டு, அதற்குள் இருந்தபடியே நாட்டைப் பார்த்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

பழையகுடை
மார்ச் 7, மதியம் 12:25

இதற்கு நான் கொஞ்சம் சொல்லலாம். உள்ளூர் மாணவனுக்குப் பள்ளி நண்பர்கள் இருக்கிறார்கள், விளையாட்டுக் குழு இருக்கிறது, வாரக்கடைசியில் போக வீடு இருக்கிறது. பிப்ரவரியில் ஊருக்குப் போகப் போகிற ஒருவரோடு அக்டோபரில் நட்பைத் தொடங்க அவனுக்கு என்ன அவசரம்? நாம் நம் கல்லூரியில் இருந்தபோது ஒரு செமஸ்டர் வந்துபோன வெளிநாட்டு மாணவரை எத்தனை முறை வெளியே அழைத்துப் போனோம்? நான் ஒருமுறைகூட இல்லை. வந்தவர் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

மொழியும் ஒரு காரணம். மாணவர்களுக்குள் முதல் நிமிடத்திலிருந்தே "டூ", அதாவது நீ. பேராசிரியருக்கும் அலுவலகத்துக்கும் "ஸீ", நீங்கள். நமக்கு இது புதிதே அல்ல. ஆங்கிலத்திலிருந்து வருபவரைவிட நாம் வேகமாகப் பிடித்துக்கொள்வோம். ஆனால் நமக்கு "நீ" என்றாலே பாதி நெருக்கம் வந்துவிட்டதாகத் தோன்றும். இங்கே "டூ" என்பவர் அடுத்த வாரம் தெருவில் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கடந்துபோவார். எத்தனை பேர் அதில் மனம் நொந்துபோகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் நொந்தவன்தான்.

தூறல்மேகம்
மார்ச் 7, இரவு 10:50

ஜெர்மானிய நண்பர்: ஒருவர். அதுவும் ஜனவரியில்தான். கருத்தரங்கில் பக்கத்து நாற்காலி. மூன்று மாதம் தலையசைப்பு, பிறகு ஒருநாள் திடீரென்று, "சனிக்கிழமை லைப்சிக் போகிறேன், வருகிறாயா?" தாமஸ் தேவாலயத்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குச் சிறுவர் குழுவின் இசை. இசையமைப்பாளர் பாக் 1723 முதல் சாகும்வரை இசைப் பொறுப்பில் இருந்த இடம். அவருடைய கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. எனக்கு அந்த இசை முன்பின் தெரியாது. முதல் பத்து நிமிடம் குளிரில் கால்விரல்களைப் பற்றித்தான் யோசித்தேன். பிறகு யோசிக்கவில்லை. வெளியே வந்து நிகோலாய் தேவாலயம் வரை நடந்தோம். 1989 அக்டோபர் 9 அன்று அந்த ஊரில் அன்றைய கிழக்கு ஜெர்மனி அரசை எதிர்த்துச் சுமார் 70,000 பேர் தெருவில் இறங்கிய கதையைச் சொன்னாள். அன்று தன் பாட்டி வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்றாள். பயந்துபோய். "எல்லோரும் தங்கள் பாட்டி போனதாகத்தான் சொல்வார்கள்" என்று சிரித்தாள். ஒரு செமஸ்டர் முழுக்க அந்த நாட்டைப் பற்றி யாரும் என்னிடம் இவ்வளவு உண்மையாகப் பேசவில்லை. மூன்று வாரத்தில் நான் கிளம்பினேன்.

கூண்டு பற்றி: உண்டு, ஒப்புக்கொள்கிறேன். என் சமையலறைத் தோழி ஜார்ஜியாவிலிருந்து வந்தவள். அவளும் நானும் யாருடைய நாட்டிலும் இல்லை என்பதால்தான் ஒட்டிக்கொண்டோம். தேர்விலிருந்து திரும்பி வந்தபோது அவள்தான் இருந்தாள். ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. அந்த வாரம் என் முறையாக இருந்த சமையலறைச் சுத்தத்தை அவளே செய்து, பட்டியலில் என் பெயருக்கு நேரே என்னுடைய கையெழுத்தைப் போலவே கிறுக்கி வைத்தாள். அதைக் கூண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு நாட்களாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்ததில் ஒன்று புலப்பட்டது. நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கம் என்று பிரிக்கப் பார்த்தேன். பிரியவில்லை. அங்கே யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நான் வகுப்புக்கு வந்தேனா, சாப்பிட்டேனா, தேர்வுக்குப் பதிந்தேனா என்று கேட்க ஆளில்லை. தேர்வு போனது அதனால். ஆனால் அந்தக் கருத்தரங்கில் நான் இருபது நிமிடம் வாதாடியதும் அதனால்தான். இங்கே நான் யாருடைய மாணவி, முந்தைய வருடம் எத்தனை மதிப்பெண், பெரியவர்கள் முன் பேசலாமா கூடாதா என்பதெல்லாம் என்னோடு கூடவே அறைக்குள் வந்து உட்காரும். அங்கே நான் மட்டும்தான் உள்ளே போனேன். பழையகுடை சொன்ன "தானாகப் பதிய மாட்டார்கள்" என்பதை முதலில் கோபமாகப் படித்தேன். இரண்டாம் முறை படித்தபோது அந்தப் பேராசிரியரும் தேர்வு அலுவலக அம்மையாரும் என்னிடம் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டார்கள் என்று தோன்றியது.

மூன்றாம்வரிசை
மார்ச் 8, காலை 10:04

பெரிய விஷயம் பேசிக்கொண்டிருக்கும்போது சின்னக் கேள்வி, தவறாக நினைக்காதீர்கள். விசாவுக்கு வங்கிக் கணக்கில் எவ்வளவு காட்ட வேண்டும்? ஒரு செமஸ்டருக்கும் முழு வருடத் தொகையா?

பழையகுடை
மார்ச் 8, காலை 11:37

2024 செப்டம்பர் முதல் மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904. பொதுவாகத் தங்கும் மாதங்களுக்கு மட்டும் போதும். ஆறு மாதம் என்றால் 5,952. உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்வார்கள். கிளம்பும் முன் தூதரகப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், எல்லோரும் சொல்வார்கள். கிளம்பும்போது அதை நீக்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் விடுதியில் ஒருவர் நீக்காமல் போய்விட்டார். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று வீட்டுக்கு வீடு மாதம் 18.36 யூரோ வசூல் உண்டு, தொலைக்காட்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவருக்குக் கடிதம் வந்துகொண்டே இருந்தது. அவர் போய் ஒன்றரை வருடம் கழித்தும் அஞ்சல் பெட்டியில் அவர் பெயருக்கு நான்தான் கடிதம் எடுத்தேன்.

மட்டுறுத்துநர்
மார்ச் 8, மதியம் 2:15

விசா முகவர்களைப் பரிந்துரைத்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. அதற்குத் தனி இழை உள்ளது.

கரும்பலகை
மார்ச் 9, மாலை 6:18

ஒரு கல்லூரியில் பரிமாற்ற மாணவர்களின் காகிதங்களைப் பார்க்கும் வேலை எனக்கு. அனுப்பும் பக்கத்திலிருந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த இழையில் எல்லோரும் அந்தப் பக்கத்தையே பேசுகிறீர்கள்.

போகும் முன் மாணவரும் இரண்டு கல்லூரிகளும் கையெழுத்திடும் படிப்பு ஒப்பந்தம் ஒன்று உண்டு: எந்தப் பாடம் அங்கே, அதற்கு ஈடாக எது இங்கே. அங்கே போய் இரண்டு பாடத்தை மாற்றினால் அந்த ஒப்பந்தத்தையும் மாற்றி மீண்டும் மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். பாதிப் பேர் வாங்குவதில்லை. திரும்பி வந்து என் மேசை முன் நிற்பார்கள். நான் தலைவரிடம் அனுப்புவேன், தலைவர் குழுவுக்கு அனுப்புவார். ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டம் 1987-ல் 11 நாடுகளின் 3,244 மாணவர்களோடு தொடங்கியபோதே இதே குழப்பம். அதைத் தீர்க்கத்தான் 1989-ல் கிரெடிட் மாற்று முறையைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். அது அங்கே தீர்ந்திருக்கலாம்.

தூறல்மேகம், மீதிப் பாடங்களுக்கு ஒப்பந்தம் சரியாக இருக்கிறதா? மதிப்பெண் வந்துவிட்டதா? மாற்றும் சூத்திரத்தை உங்கள் அலுவலகம் எழுத்தில் தந்திருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே கேளுங்கள். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சியின் விளிம்பு, 5.0 தோல்வி. எண் பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைத்துவிட்ட எழுத்தரை நான் பார்த்திருக்கிறேன். மாணவர் வாய் திறக்கவே இல்லை, பாவம், மகிழ்ச்சியில்.

மூன்றாம்வரிசை
ஏப்ரல் 1, இரவு 11:52

வந்து சேர்ந்துவிட்டேன். தேர்வு அலுவலகம் செவ்வாயும் வியாழனும் மட்டும் காலை 9 முதல் 11:30 வரையாம். நாளை வியாழன். போகிறேன். எனக்கு நான்கு பாடம், மூன்று துறை. அக்கா, உங்கள் இழையை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

தூறல்மேகம்
ஏப்ரல் 9, இரவு 8:47

மூன்றாம்வரிசை, தேதிகள் கிடைத்தனவா? ஜெர்மன் பக்கத்திலும் பாருங்கள், புரியாவிட்டாலும். எண்கள் எல்லா மொழியிலும் எண்கள்தாம் என்று எழுத வந்தேன். இன்று காலை நடந்ததற்குப் பிறகு அப்படி எழுத முடியாது.

மதிப்பெண் பட்டியல் போன வாரம் வந்தது. கருத்தரங்கு 1,3. மொழிப்பாடம் 2,0. பெருந்தரவு பற்றிய பாடம் 3,7. அந்தத் தேர்வு காலத்தொடர் கதைக்கு நான்கு நாள் கழித்து நடந்தது, என்ன நிலையில் எழுதினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கரும்பலகை ஐயா சொன்னபடி சூத்திரத்தை எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தேன். 1.0 நூறு, 4.0 ஐம்பது என்று கொண்டு நேர்க்கோடாக இறக்கினால் 3.7-க்கு 55 வருகிறது. (நேர்க்கோடு, உங்களைச் சொல்லவில்லை.)

ஜெர்மனியில் தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளிதான். பட்டியலில் "3,7" என்று அச்சாகியிருக்கிறது. அலுவலகத்தில் இருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "இதில் எதை எடுத்துக்கொள்வது? மூன்றா, ஏழா?"

விளக்கினேன். காற்புள்ளி தசமம்தான் என்று பல்கலைக்கழகத்திடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம், முத்திரையோடு. அந்தத் தேர்வு அலுவலக அம்மையாருக்கு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன். "ஸீ" போட்டு, ஜெர்மனில்.